பெயர்கள் வந்துவிட்டன, வினைகள் எங்கே?

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சி முடித்த கையோடு கேட்கும் கேள்வி இப்போது மாறிவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் எத்தனை நாளுக்கொரு முறை வரும் என்று கேட்டார்கள். இன்று அதற்கும் முன்பாக, நெட் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். இதை நகரத்துப் பகட்டென்று ஒதுக்கிவிட முடியாது. திருச்செங்கோட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், பிள்ளைகளின் பாடமும், விசைத்தறிக் கூடத்தின் கணக்கு வழக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போயிருக்கும் மகனின் முகமும் சுவரோரம் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. அது நின்றுபோனால் அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: ‘நெட் வரல.’

‘உடம்பு சரியில்லை’ என்பதைப் போன்றது இவ்வாக்கியம். காய்ச்சலா, வயிற்றுவலியா, எலும்பு முறிவா என்று அதிலிருந்து எதுவும் விளங்காது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்துக் கொடுத்த வரிசையை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பிணி இன்னதென்று அறிவது முதலில். அதன் காரணத்தைத் தேடுவது அடுத்து. தணிக்கும் வழி அதற்கும் பிறகு. இணையச் சேவை நிறுவனங்களின் உதவி மையங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, தொலைபேசியை எடுத்தவுடன் மருந்தைக் கொடுத்துவிடுகின்றன. அம்மருந்தும் எல்லா நோய்க்கும் ஒன்றே: அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். (அது பொய் மருந்தில்லை. அப்பெட்டியும் ஒரு சிறு கணிப்பொறிதான். திணறி நின்றிருந்தால் அணைத்துப் போட்டதும் தெளிந்துவிடும். ஆனால் எலும்பு முறிந்தவனுக்குக் கஷாயம் எதற்கு?)

நிற்க. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் எவரும் உடனே குழாயைக் கழற்ற மாட்டார்கள். மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்ப்பார்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தால் பழுது தொட்டிக்கும் குழாய்க்கும் இடையில்தான். தொட்டி காலியென்றால் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லையென்றால் போர்க்குழியில் நீர்மட்டம் இறங்கிவிட்டதோ என்ற கவலை தொடங்கும். பள்ளிக்கூடத்துப் பெண்கூட இவ்வரிசையில்தான் யோசிப்பாள். யாரும் அவளுக்கு வகுப்பெடுத்ததில்லை. கம்பியில்லா இணையத்தின் பழுதும் இதே போன்ற ஒரு வரிசையில்தான் அமைந்திருக்கிறது. அதை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்கலாம்.

கண்ணாடி இழை வழியே வீட்டுக்கு வருவது ஒளி. நிலையத்திலிருந்து பெரும்பாலும் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் அவ்வொளி கண்ணுக்குத் தெரியாது. (ஆகவே இழையின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. தெரியாத ஒளியும் கண்ணைக் கெடுக்கும்.) அது வருகிறதா இல்லையா என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். பெரும்பாலான பெட்டிகளில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை, அல்லது போதிய அளவு வரவில்லை என்று பொருள். வீடு மாறும்போது இது நேர எத்தனையோ காரணங்கள். இழையைச் சன்னல் மூலையில் கூர்மையாக மடக்கி ஆணியடித்திருப்பார்கள். செப்புக் கம்பியை எப்படி மடக்கினாலும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கண்ணாடி இழையிலோ மடக்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இழையை உயரமாகப் பாரமேற்றிய லாரியொன்று இழுத்து அறுத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும். லாரியால் வாழும் வட்டாரம் இவ்விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஒளி வருகிறது, சிவப்பு விளக்கு இல்லை, ஆயினும் எதுவும் திறக்கவில்லை என்றால், பெட்டி நிறுவனத்திடம் தன்னை இன்னாரென்று சொல்லி அனுமதி பெறவில்லை என்பது அடுத்த ஐயம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. பல நிறுவனங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பழைய வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்கு வந்தால், நிறுவனம் தன் ஏட்டில் அதன் இடத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும். எழுதும்வரை நாம் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இது நம் கைக்கு அப்பாற்பட்ட பழுது என்று தெரிந்துகொள்வதே பாதி நிம்மதி.

மூன்றாவது அலை. வீடு மாறியவர்களைப் பெரிதும் குழப்புவது இதுதான். அதே பெட்டி, அதே கைப்பேசி, அதே கட்டணம். பழைய வீட்டில் சமையலறை வரை வந்தது இங்கே பக்கத்து அறைக்கே வரமாட்டேனென்கிறது. பெட்டி மாறவில்லை, சுவர் மாறியிருக்கிறது. ஓட்டு வீட்டின் ஓடும் மரச் சட்டமும் பலகைத் தடுப்பும் அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தடுக்கும். இரும்பு பீரோ அலையைத் திருப்பியடிக்கும். கண்ணாடி பதித்த அலமாரியும் அப்படியே, ஏனெனில் கண்ணாடியின் முதுகில் பூசியிருப்பது உலோகம். நீர் நிறைந்த தொட்டி அலையை உறிஞ்சிக்கொள்ளும். இன்றைய பெட்டிகள் பல, இரண்டு வகை அலைகளை அனுப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 செ.மீ. பின்னது வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும். முன்னது மெதுவானது, தொலைவு போகும். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர்களுக்கு அப்பால் அனுப்பி ஒரு மணியை ஒலிக்கச் செய்தபோது அவை வியந்தது. நாம் இன்று அதே அலை ஒரு சுவரைத் தாண்டவில்லையென்று சினந்துகொள்கிறோம்.

பெட்டி வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். நம்மவர்களோ அதைத் தொலைக்காட்சிக்குப் பின்னால், மேசைக்கு அடியில், இயன்றால் ஒரு துணியும் போர்த்தி ஒளித்துவைக்கிறார்கள். வரிசை வீடுகளில் அண்டை வீட்டுப் பெட்டிகளின் தொல்லையும் சேரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலுள்ள தடங்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றுதாம். தெருவே ஒரே தடத்தில் கத்திக்கொண்டிருந்தால் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.

நான்காவது, நம் கையிலுள்ள கருவி. அது பழைய பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருக்கும். புதுப் பெட்டிக்கும் அதே பெயர், அதே கடவுச்சொல் வைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும், எவரும் சொல்வதில்லை.

எது பழுதென்று பிரித்தறியும் முறையும் எளியதே. கைப்பேசியின் சொந்த இணையத்தை முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டு இணையம் செத்துக் கிடக்கையில் அது ஓசையின்றி இடத்தைப் பிடித்துக்கொண்டு நம்மை ஏமாற்றும். பிறகு பெட்டிக்கு அருகிலேயே போய் நிற்க வேண்டும். அங்கே நன்றாக வந்து படுக்கையறையில் வரவில்லையென்றால் பழுது சுவரில். பெட்டிக்கு அருகில் நின்றும், அலைக் குறி முழுதாகக் காட்டியும் ஒன்றும் திறக்கவில்லையென்றால் பழுது பெட்டிக்கு வரும் வழியில். தொட்டி நிறைந்திருக்கிறதா என்று மாடியேறிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

மேலே எழுதியதில் தொழில்நுட்பப் பட்டம் தேவைப்படும் செய்தி ஒன்றுகூட இல்லை. ஆயினும் பெட்டியோடு வரும் தாளில் இது தமிழில் இல்லை. நாங்கள் வீடு மாறியபோது வந்த தாளில் ஐந்தாறு மொழிகள் இருந்தன. இந்திய மொழி ஒன்றும் இல்லை. ஐந்து நாள் இணையம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் உதவி மையத்தில் ஒவ்வொரு குரல், எல்லாக் குரலுக்கும் அதே மருந்து. ஆறாம் நாள் வந்த இளைஞர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டியைத் தொடாமலே தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னார்: “லைட்டே வரலீங்க மேடம். பெட்டி என்னங்க பண்ணும்?” சன்னல் கதவிடுக்கில் நசுங்கியிருந்த இழையைக் கண்டுபிடித்து மாற்ற அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. சிவப்பு விளக்கு முதல் நாளிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. விளக்கு என்ன நிறம் என்று அந்த ஐந்து குரல்களில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

இங்கேதான் தமிழ் படித்தவர்களாகிய நம் பங்கு என்னவென்று பார்க்கத் தோன்றுகிறது. இத்துறையில் நாம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. மணவை முஸ்தபா தனியொருவராகக் கணினிக் கலைச்சொல் அகராதிகளையே தொகுத்தளித்தார். ரூட்டருக்குத் ‘திசைவி’ வந்தது. மோடத்திற்கு ‘இணக்கி’ வந்தது. வைஃபைக்கு ‘அருகலை’ வந்தது. அருகில் மட்டும் எட்டும் அலை அருகலை. நன்னூல் படித்தவர்கள் அதைக் காரணப்பெயர் என்பார்கள். ஆங்கிலத்து வைஃபையோ இடுகுறிப்பெயர். அது ஏதோ இரண்டு சொற்களின் சுருக்கம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் 802.11 என்ற வறட்டுப் பெயரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள் என்றெண்ணி, 1999-இல் இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த பெயர் அது. ஹைஃபை என்ற சொல்லின் சாயலில் ஓசைக்காக வைத்தார்கள், பொருளென்று ஒன்றில்லை. பொருளில்லாத ஒரு சொல்லுக்குப் பொருளுள்ள ஒரு சொல்லைப் படைத்திருக்கிறோம். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் சன்னலிடுக்கில் இழை நசுங்கிக் கிடக்கும்போது அருகலை என்ற சொல் எவ்வகையில் உதவும்? நம் கலைச்சொல் பணி முழுவதும் பெயர்ச்சொற்களின் பணியாகவே இருந்துவிட்டது என்பது என் குறை. பழுது என்பது பெயரன்று, நிகழ்வு. அதைச் சொல்ல வினைச்சொல் வேண்டும், வாக்கியம் வேண்டும், ‘அப்படியென்றால் இப்படி’ என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரைநடை வேண்டும்.

இவ்வட்டாரத்திலேயே இதற்கொரு முன்கதை உண்டு. 1916-இல் சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜாஜி, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குச் சொல் தேடினார்கள். 1925-இல் அவர் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி அங்கேயே குடியேறினார். அங்கிருந்து வெளியான ‘விமோசனம்’ மதுவிலக்கைச் சிற்றூர் மக்களுக்கு எடுத்துச்சொல்ல நடத்தப்பட்ட இதழ். கல்கி அதில் பணியாற்றினார். சொற்பட்டியலில் தொடங்கிய அதே மனிதர் ‘திண்ணை ரசாயனம்’ என்றும் ‘தாவரங்களின் இல்லறம்’ என்றும் நூல்கள் எழுதினார். தலைப்புகளே போதும், யாரை எதிரில் உட்காரவைத்து எழுதினார் என்பது விளங்கும். கலைச்சொல்லில் அவரை முந்தியவர்கள் பலர் உண்டு. வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்தது வேறு வேலை; அதற்குப் பட்டியல் மட்டும் போதாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் முன்னால் போனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் (1822–1884) மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் சொல்லாக்கினார். ஆனால் சொல்லாக்கத்தோடு நிற்காமல் ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் பயின்றவர்கள் நோயாளியின் முன் நின்று தமிழில் நோயறிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனித உடலின் பழுதைத் தமிழில் ஆராய முடிந்திருக்கிறது. நம் காலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் பழுதை ஆராய முடியவில்லை என்பது வேடிக்கை.

முடியவில்லை என்பதும் சரியன்று. படித்தவர்களால் முடியவில்லை. சங்ககிரி சாலையில் ஏதேனும் ஒரு பட்டறையில் அரைமணி நேரம் நின்று கேட்டால் தெரியும். ‘ஏர் புடிச்சிருக்கு’, ‘டீசல் எடுக்கல’, ‘லோடு ஏத்துனா திணறுது’, ‘ஆயில் கசியுது’. பெயர்கள் ஆங்கிலம், வினைகள் அத்தனையும் தமிழ், அதுவும் துல்லியமான தமிழ். பிடிப்பதும் எடுக்காததும் திணறுவதும் கசிவதும் நான்கு வெவ்வேறு நோய்கள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. எங்கோ தொலைவில் கம்ப்ரசர் நின்றுபோனால் ரிக் வண்டிக்காரர்கள் ஊரிலிருக்கும் மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைத்து, இந்த வினைச்சொற்களைக் கொண்டே பழுதை விவரித்துச் சரிசெய்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். அதுவும் ஓர் உதவி மையந்தான். அங்கே எவரும் முதலில் மருந்து சொல்வதில்லை. ‘சத்தம் எப்படி வருது?’ என்றுதான் தொடங்குகிறார்கள்.

இணைய நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தித் தமிழை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘டிவைஸை ரீபூட் செய்யவும்’, ‘சிக்னலை செக் செய்யவும்’, ‘கனெக்சனை வெரிஃபை செய்யவும்’. எல்லா வினையும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. தமிழுக்கு மிஞ்சியது பொருளேதுமற்ற ‘செய்யவும்’ மட்டுமே. ரீபூட் என்பதை மீள்தொடக்கம் என்று மாற்றி ‘மீள்தொடக்கம் செய்யவும்’ என்றெழுதினாலும் நோய் தீராது. ‘திசைவி’ என்று சொல்லாமல் ‘ரூட்டர்’ என்றே ஒருவர் சொல்லிக்கொண்டு போகட்டும், எனக்கு வழக்கில்லை. திசைச்சொல்லைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டார். ஒளி கசிகிறது, அலை களைக்கிறது, பெட்டி திணறுகிறது என்று வினையைத் தமிழில் சொல்லிவிட்டால் கேட்பவருக்குப் பழுதின் உருவம் மனத்தில் எழுந்துவிடும்.

யூடியூபில் தமிழில் இதற்கெல்லாம் காணொளிகள் இருக்கின்றனவே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். இருக்கின்றன, சில நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் இணையம் வராதபோது செய்ய வேண்டியதை இணையத்தில் வைத்திருப்பது, கிணற்றுக்குள் விழுந்தவனுக்கான கயிற்றைக் கிணற்றடியிலேயே போட்டுவைத்தாற்போல. கைப்பேசியில் தனி இணையம் வைத்திருப்பவர்களுக்கு இச்சிக்கல் இல்லை. பகலில் வீட்டில் இருக்கும் முதியவர்களில் எத்தனை பேருக்கு அது கைவந்திருக்கிறது? பெட்டிக்கு அருகில் சுவரில் ஒட்டும் ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில், நான்கு கேள்விகளோடு இருந்தால் போதும். அதை அச்சிடுவது நிறுவனத்துக்கோ ஊர் கேபிள்காரருக்கோ பெருஞ்செலவில்லை. எழுதித் தர ஆள் வேண்டும். அவ்வாள் தமிழ்த்துறையிலிருந்து வருவதில் என்ன இழுக்கு? கடிதம், விண்ணப்பம், விளம்பரம் என்று பயன்பாட்டுத் தமிழுக்கென்று பாடம் வைத்திருக்கிறோம். கிணற்று மோட்டாருக்கும் இணையப் பெட்டிக்கும் வழிகாட்டி எழுதும் பயிற்சி அதில் இல்லை.

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இதையே ஒரு பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டிலுள்ள பாட்டிக்குச் சொல்வதுபோல் எழுதுக என்றேன். பெரும்பாலோர் உதவி மையத்துத் தமிழையே திருப்பிக் கொடுத்தார்கள். அதைத்தானே அவர்களும் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். பள்ளிபாளையத்துப் பக்கம் தறி ஓட்டும் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி தொடங்கியிருந்தாள். தறி நின்றால் ஊடை அறுந்ததா பாவு அறுந்ததா என்று பார்த்துவிட்டுத்தானே மோட்டாருக்குப் போவோம், அதுபோல முதலில் விளக்கைப் பாருங்கள் என்று. அடுத்த ஒன்றரைப் பக்கத்தில் ‘செய்யவும்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

அவள் தாளில் என்னை நிறுத்திய இடம் வேறொன்று. பெட்டியை அணைத்துப் போடுவது ஒன்று; பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை நுழைத்து அழுத்துவது இன்னொன்று. முன்னதால் கெடுதலில்லை. பின்னது பயனர் பெயர், கடவுச்சொல், எல்லா அமைப்பையும் அழித்துவிடும். சில வேளைகளில் நிறுவனத்து ஆள் வந்துதான் மீண்டும் எழுத வேண்டும். வீடுகளில் இரண்டையும் ‘ரீசெட் பண்ணு’ என்ற ஒரே சொல்லால் வழங்குவதால் நேரும் சேதம் கொஞ்சநஞ்சமில்லை. அகராதியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்ச்சொல் தேடி எடுக்கலாம். அவள் அகராதிக்குப் போகவில்லை. இப்படி எழுதியிருந்தாள்: “பாட்டி, சுவிட்சை அணைத்துப் போட்டால் பெட்டி தூங்கி எழுந்துகொள்ளும். ஊசியால் குத்தினால் நம்மையே மறந்துவிடும். குத்தாதீர்கள்.”